டிவியில் பதிவான அப்பிச்சியின் உடுக்கைப் பாட்டு: கம்ப்யூட்டருக்கு எடுக்க டிவியில் என்ன மாற்றம் செய்யணும்?

எருத்தேம்பதி பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம், எருத்தேம்பதி. பாலக்காடு ஜில்லாதான், ஆனா வீட்டிலயும் கடைவீதியிலயும் தமிழ்தான் பேச்சு.

எங்க அப்பிச்சி, அதாவது அம்மாவோட அப்பா, உடுக்கை அடிச்சு அண்ணன்மார் கதை பாடுவாருங்க. மாரியம்மன் நோம்பி (திருவிழா) சாட்டிட்டா ராத்திரி ராத்திரியாப் பாட்டு நடக்கும். பொன்னர் சங்கர் பிறப்புல ஆரம்பிச்சு, தங்காள் படுகளத்துல அண்ணன்மாரைத் தேடி அழுற இடத்துக்கு வர்றப்ப விடியக்காலம் ஆயிருக்கும். புஸ்தகம் கிடையாது, எல்லாம் மனப்பாடம். அவர் பாடின வழி வேற யாருகிட்டயும் இல்லீங்க. கூடப் பின்பாட்டுப் பாடினவரும் இப்ப இல்லை.

2015 நோம்பியில பாடினதை உள்ளூர் கேபிள் சேனல்ல நேரடியாப் போட்டாங்க. அப்பெல்லாம் செட்டாப் பாக்ஸ் இல்லாம கேபிள் வயரை நேரா டிவி பின்னாடி சொருகறதுதான். எங்க 40 இன்ச் எல்இடி டிவியில யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் மாட்டினா ரெக்கார்டு பண்ற வசதி இருந்துச்சு. மாமா எல்லா ராத்திரியும் ரெக்கார்டு போட்டு வெச்சார். அப்பிச்சி 2019-ல தவறிட்டார். அந்தச் சேனலும் மூடியாச்சு. கேமரா பிடிச்சவரைத் தேடிப்போய்க் கேட்டோம், கேசட்டுல வேற கல்யாணம் எடுத்துட்டேன்னு சொல்லிட்டார்.

ஆக உலகத்துல இருக்கிறது அந்த 500 ஜிபி டிஸ்க் ஒண்ணுதான். இப்ப டிவியும் தகராறு பண்ணுது. போட்டதும் படம் வருது, கொஞ்ச நேரத்துல திரை இருண்டுடுது, சத்தம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு சர்வீஸ் கடையில கேட்டதுக்கு மெயின் போர்டை மாத்தணும்னாங்க. டிஸ்க்கைக் கம்ப்யூட்டர்ல போட்டா ஃபார்மட் பண்ணட்டுமான்னு விண்டோஸ் கேக்குது. வேண்டாம்னு கொடுத்துக் கழட்டிட்டேன். சித்தப்பா பையன் லினக்ஸ்ல திறந்து பார்த்தான். பெரிய பெரிய ஃபைலா இருக்கு, எதுலயும் ஓட மாட்டேங்குது.

டிவிக்குள்ள ஏதாச்சும் மாற்றம் செஞ்சு இதைக் கம்ப்யூட்டருக்கு எடுக்க முடியுமாங்க? டிவி போனாலும் போகட்டும், அவர் குரல் வேணும்.


சித்தூர் பட்டறை எழுதியது:

அம்மணி, முதல்ல ஒண்ணு. அந்த மெயின் போர்டை யாரையும் தொட விடாதே. போர்டை மாத்தினா படம் ஜம்முன்னு வரும், உங்க அப்பிச்சி பாட்டு ஒரு அட்சரம்கூட வராது.

காரணம் சொல்றேன். இந்த மாதிரி டிவி, ரெக்கார்டு பண்றப்பவே ஃபைலைப் பூட்டித்தான் டிஸ்க்குல எழுதும். சாவி டிஸ்க்குல இருக்காது, மெயின் போர்டு மெமரியில இருக்கும். அதே கம்பெனி, அதே மாடல் பக்கத்து வீட்டுல இருந்தாலும் அதுல போட்டா ஓடாது. சினிமா, கிரிக்கெட்டைக் காப்பி எடுத்துப் பரப்பக்கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு. ஒரு ஊர்க்கோயில் பாட்டும் அதே பூட்டுக்குள்ள மாட்டிக்குதுங்கறது எனக்கு எப்பவும் பொறுக்காத விஷயம்.

நீ சொல்ற கோளாறு போர்டு இல்லை. திரை இருண்ட பிறகு அறை விளக்கை அணைச்சுட்டு, டார்ச்சைத் திரைக்கு ஒட்டிச் சாய்வா அடிச்சுப் பாரு. மங்கலாப் படம் அசையறது தெரிஞ்சா, திரைக்குப் பின்னாடி வெளிச்சம் தர்ற பேக்லைட்தான் போயிருக்கு. உள்ள எல்இடி ஸ்ட்ரிப்பெல்லாம் வரிசையாக் கோத்திருக்கும். அதுல ஒரு பல்பு பழுதானாலும், அதுக்குக் கரண்ட் கொடுக்கற டிரைவர் சர்க்யூட் மொத்தத்தையும் அணைச்சுடும். படமும் சத்தமும் மெயின் போர்டுலருந்து ஒழுங்கா வந்துக்கிட்டுத்தான் இருக்கு. ஸ்ட்ரிப்பைக் கோயமுத்தூர்ல வாங்கி மாத்திடலாம். ஆனா பேனலை முழுசாக் கழட்டணும், கண்ணாடி வெடிச்சா திரையே போச்சு. அதனால அது கடைசி வேலை.

முதல் வேலை இன்னிக்கே செய்யலாம், ஒரு ஸ்க்ரூகூடக் கழட்ட வேண்டாம். டிவி பின்னாடியோ பக்கவாட்டுலயோ ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கும். அதுலருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு போ. லேப்டாப் மைக் ஓட்டையில நேரா சொருகாதே. அது மைக்குக்கான மெல்லிசான சிக்னலை எதிர்பார்க்கும், உடுக்கை அடி ஒவ்வொண்ணும் கிழிஞ்சு பதிவாகும். லைன் இன் (இந்த மாதிரி பலமான சிக்னலுக்கான ஓட்டை) இருக்கிற யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒண்ணு வாங்கிக்கோ. டிவி மெனுவுல சரவுண்டு, ஆட்டோ வால்யூம், குரலைத் தூக்கிக் காட்டற வசதி எல்லாத்தையும் நிறுத்திடு. ஆட்டோ வால்யூம் இருந்தா உடுக்கை ஓங்கறப்பக் குரல் அமுங்கும், உடுக்கை நின்னதும் பின்னாடி இரைச்சல் ஏறும். டிவி சத்தத்தைப் பாதிக்கு மேல வெச்சு, ஆடாசிட்டிங்கற ரெக்கார்டிங் நிரல்ல 48,000 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ, வேவ் ஃபைலாப் பதிவு பண்ணு. ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 700 எம்பி ஆகும். இடத்தைப் பார்த்து எம்பி3 ஆக்கிடாதே.

திரை இருண்டிருந்தாலும் இது நடக்கும். மெனுவுல பாட்டைத் தேர்ந்தெடுக்கற வரைக்கும் வெளிச்சம் இருந்தாப் போதும். குரல்தானே வேணும்னே. அது இப்பவே உன் கைக்கு எட்டற தூரத்துலதான் இருக்கு.

பிக்சர் ட்யூப் காலத்துலருந்து இந்த வேலை பார்க்கறேன். வீட்டு விசேஷம் பதிஞ்ச டேப்பு, டிஸ்க்கு எவ்வளவோ பேர் கொண்டு வருவாங்க. பாதிப் பேர் ரிப்பேர் பண்ணின பிறகுதான் கொண்டு வருவாங்க. நீ முன்னாடியே கேட்டது நல்லதாப் போச்சு.


நகரி தறிக்காரர் எழுதியது:

அக்கா, நான் ஆந்திரா பக்கம் நகரிங்க. சிங்கப்பூர்ல வேலை பார்த்தப்ப அங்க வசந்தம் சேனல்ல வந்த நிகழ்ச்சிகளைச் சாம்சங் டிவியில பதிவு பண்ணி, ஊருக்கு வர்றப்ப டிவியையும் டிஸ்க்கையும் கொண்டு வந்தேன். ஃபைலைத் திறந்து எடுத்த அனுபவம் இருக்கறதால சொல்றேன்.

அந்த டிவி டிஸ்க்கை எக்ஸ்எஃப்எஸ்னு ஒரு லினக்ஸ் முறையில ஃபார்மட் பண்ணும். அதான் விண்டோஸ் காலி டிஸ்க்னு நினைச்சுக்குது. உள்ள கன்டென்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர். அதுல தேதி நேரத்தையே பேரா வெச்சு எஸ்ஆர்எஃப் ஃபைல்கள். பைட்டுகளை அப்படியே காட்டற ஹெக்ஸ் எடிட்டர்ல பார்த்தா ஒவ்வொரு 188 பைட்டுக்கும் ஒரு தடவை 47-னு வரும். டிவி ஒளிபரப்போட பாக்கெட் அமைப்பு அதுதான். ஒவ்வொரு பாக்கெட்டோட முன்பகுதி மட்டும் வெளிய தெரியும், உள்ளடக்கம் ஏஇஎஸ்னு ஒரு 128 பிட் பூட்டுல இருக்கும். குருட்டாம்போக்குல சாவியைத் தேடறதுக்கு ஆயுசு பத்தாது.

சாமிகோன்னு ஒரு குழு அந்த டிவிகளோட உள் மென்பொருளைத் திறக்க வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. டிவிக்குள்ள இருக்கறதும் ஒரு லினக்ஸ்தான். உள்ள நுழைஞ்சு, ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிய 16 பைட் சாவியை டிவிகிட்டயே வாங்கிட்டு, கம்ப்யூட்டர்ல அந்தச் சாவியால ஃபைலைத் திறக்கணும். அப்புறம் எஃப்எஃப்எம்பெக்னு ஒரு நிரல்ல, கோடெக் மாத்தாம, அதாவது மறுபடி சுருக்காம, அப்படியே வேற ஃபைலாக் கட்டினா எதுலயும் ஓடும். முதல்ல பதிவானதே கிடைக்கும், தரம் ஒரு துளி குறையாது. அதனாலதான் இந்த வழிக்கு இவ்வளவு பாடு.

ஆனா இது மாடலுக்கு மாடல் மாறும். வேற கம்பெனி டிவிக்கு இந்த வழி உதவாது. உங்க டிவி பின்னாடி இருக்கற மாடல் நம்பர், மெனுவுல தெரியற சாஃப்ட்வேர் வெர்ஷன் ரெண்டையும் போடுங்க, தேடிப் பார்ப்போம். அதுவரைக்கும் டிவியை இன்டர்நெட்ல இணைக்காதீங்க. அப்டேட் வந்தா திறந்திருக்கற வழி அடைஞ்சுடும். ஃபேக்டரி ரீசெட்டும் வேண்டாம்.

டிவியில கை வைக்கறதுக்கு முன்னாடி டிஸ்க்கோட முழு நகலை எடுத்துடுங்க. ஃபைல் காப்பி இல்லை, முதல் செக்டர்லருந்து கடைசி வரைக்கும் அப்படியே. லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு நிரல், உங்க தம்பிக்குத் தெரிஞ்சிருக்கும். டிஸ்க்கை மவுன்ட் பண்ணாமலே, அதாவது திறக்காமலே, எடுக்கணும். எதிலிருந்து எதுக்குங்கறதை ரெண்டு பேர் சேர்ந்து பார்த்துட்டு என்டர் தட்டுங்க, திருப்பிக் கொடுத்தா இருக்கறதும் அழிஞ்சுடும். யுஎஸ்பி 2 வழியா 500 ஜிபிக்கு நாலஞ்சு மணி நேரம் ஆகும். உங்க டிஸ்க்குக்குப் பத்து வயசு ஆயிருக்கும். அது எப்ப வேணும்னாலும் நின்னுடலாம். டிவியை விட அதுதான் எனக்குக் கவலை.


கோவை வக்கீல் குமாஸ்தா எழுதியது:

பூட்டை உடைக்கறது சட்டப்படி சரியான்னு யாராவது பயமுறுத்துவாங்க, அதனால சொல்லி வைக்கறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோட பூட்டை உடைக்கறதைத்தான் குற்றம்னு சொல்லுது. 39-ம் பிரிவு, பதிவு பண்ணினவர் தன் சொந்த உபயோகத்துக்கு வெச்சுக்கறதை மீறல் இல்லைன்னு சொல்லுது. பாடகருக்கும் நிகழ்த்துநர் உரிமை 50 வருஷம் உண்டு. வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா ஒரு பயமும் இல்லை. பின்னாடி யூடியூப்ல போடணும்னா, உங்க அப்பிச்சி வாரிசுகள், பின்பாட்டுக்காரர் குடும்பம், சேனல் நடத்தினவர் மூணு தரப்புகிட்டயும் எழுத்துல ஒரு சம்மதம் வாங்கிக்கோங்க.


எருத்தேம்பதி பேத்தி எழுதியது:

பட்டறை அண்ணா, டார்ச் அடிச்சுப் பார்த்தோமுங்க. படம் அசையுது! பேக்லைட்தான்.

டிஸ்க்கோட நகலைத் தம்பி முதல்ல எடுத்துட்டான். ரெண்டு இடத்துல மட்டும் படிக்க முடியலைன்னு காட்டுச்சு, மத்ததெல்லாம் வந்துடுச்சு. அதுக்கப்புறம் பொள்ளாச்சியிலருந்து சவுண்டு கார்டு வரவழைச்சு ஹெட்ஃபோன் ஓட்டை வழியாப் பதிவு ஆரம்பிச்சோம். இருட்டுத் திரைக்கு முன்னாடி அம்மாவும் பெரியம்மாவும் உக்காந்துட்டாங்க. ரெக்கார்டு ஆகுது, பேசாதீங்கன்னு சொல்ல வந்தேன், அப்புறம்தான் வயர் வழியாத்தானே போகுதுன்னு விட்டுட்டேன். தங்காள் அழுகை வந்தப்ப ரெண்டு பேரும் கூடவே பாடறாங்க. பெரியம்மாவுக்கு இவ்வளவு அடி தெரியும்னு எங்க யாருக்கும் தெரியாது. அவங்க பாடறதைத் தனியா மொபைல்ல பதிவு பண்ணிட்டு இருக்கேன்.

நகரித் தம்பி, மாடல் நம்பரும் வெர்ஷனும் தனியா அனுப்பியிருக்கேன். சாம்சங் இல்லீங்க.

ஒரு சந்தேகம். சத்தம் எல்லாம் வந்த பிறகு, ஸ்ட்ரிப் மாத்தினா திரையைக் கேமராவுல எடுக்கலாமா, இல்லை சாவி கிடைக்கற வரைக்கும் காத்திருக்கணுமா?


சித்தூர் பட்டறை எழுதியது:

காத்திருக்காதே, ரெண்டையும் செய். சத்தம் மொத்தமும் வந்து, அதை ரெண்டு வீட்டுல பத்திரமா வெச்ச பிறகு டிவியை என்கிட்டக் கொண்டு வா. படுக்கப் போடாதே, நிமித்தியே வெச்சு, திரைக்கு முன்னாடி கம்பளி கட்டிக் கொண்டு வா. ஸ்ட்ரிப் முழு செட்டா மாத்தித் தர்றேன். ஒண்ணு ரெண்டு பல்பை மட்டும் ஒட்டுப்போட்டா மிச்சம் அடுத்த மாசம் போகும். பேக்லைட் கரண்டையும் கொஞ்சம் குறைச்சு விட்டுடறேன், நாள் உழைக்கும்.

படம் எடுக்கறதுக்கு: ராத்திரியில, அறை முழு இருட்டுல, ட்ரைபாடுல கேமராவைத் திரை நடுவுக்கு நேரா நிறுத்து. ஷட்டரை 50-ல ஒரு செகண்டுன்னு பூட்டு, நம்ம ஊர் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ். எக்ஸ்போஷர், வெள்ளை நிறம், ஃபோகஸ் மூணையும் கையால நிறுத்திடு. கோடு கோடாத் தெரிஞ்சா கேமராவைத் தள்ளி வெச்சு ஜூம் பண்ணு, இல்லை ஃபோகஸை ஒரு மயிரிழை விலக்கு. கேமரா மைக்குல வர்ற சத்தத்தை அழிச்சுடாதே. முதல் உடுக்கை அடி ரெண்டு பதிவுலயும் கூரா எழும்பித் தெரியும். அந்த இடத்தை ஒண்ணோட ஒண்ணு பொருத்தினா உன் வேவ் ஃபைல் வாயசைப்போட சரியா உக்காரும். நீளமான பதிவுல கடைசிக்கு வர்றப்பக் கொஞ்சம் விலகும், அதனால மணிக்கு ஒரு தடவை வெட்டிப் பொருத்து.

நகரித் தம்பி சாவியைக் கண்டுபிடிச்சா கேமராவுல எடுத்ததைத் தூக்கிப் போட்டுடலாம். பெரியம்மா பாடறதை நிறுத்தாம எடு. மொபைலைக் கையில பிடிக்காதே, ஒரு தலையணை மேல வை.


நகரி தறிக்காரர் எழுதியது:

அக்கா, உங்க மாடலுக்கு உள்ள நுழையற வழி இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், ஆனா உங்க வெர்ஷனை விடப் பழைய வெர்ஷன்ல. பேக்லைட் மாத்தறப்ப மெயின் போர்டோட ரெண்டு பக்கத்தையும் தெளிவா ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க அண்ணாகிட்ட. போர்டோட நேராப் பேசற சீரியல் பின் எங்க இருக்குன்னு பார்த்துட்டா மென்பொருள் வழி இல்லைன்னாலும் அது வழியா முயற்சி பண்ணலாம். படிக்க முடியாத ரெண்டு இடத்தை டிடிரெஸ்க்யூவுல திரும்பத் திரும்பப் படிக்க விடச் சொல்லுங்க தம்பியை. முதல் தடவை அது எழுதி வெச்ச லாக் ஃபைலையே கொடுத்தா அந்த ரெண்டு இடத்தை மட்டும் படிக்கும்.