பழைய கணினியிலிருந்து புதியதற்கு மென்பொருளை மாற்றிய அனுபவங்கள்

ஆய்வகத்தான்:
ஆண்டுகள் பல ஓடியும் அந்த ஒற்றை வரி என் கண்ணைவிட்டு அகலவில்லை. எங்கள் ஆய்வகத்தில் ஓர் அளவீட்டுக் கருவியை இயக்கிவந்த நிரல் டர்போ பாஸ்கல் 7 என்ற நிரலாக்கக் கருவியில் எழுதப்பட்டது. 486 என்ற பழைய செயலி கொண்ட கணினியில் அது ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. அந்தக் கணினி தள்ளாடத் தொடங்கியதால் வேகம் கூடிய பென்டியம் 2 செயலி கொண்ட கணினி ஒன்றை வாங்கி, கோப்புகளை ஃப்ளாப்பியில் எடுத்துச் சென்று அப்படியே போட்டேன். நிரலின் பெயரைத் தட்டி என்டரை அழுத்தினேன். முகப்புத் திரை வருவதற்கு முன்பே "ரன்டைம் எர்ரர் 200" என்று வந்து நின்றுவிட்டது. பூஜ்ஜியத்தால் வகுத்தல் என்பது அதன் பொருள். எங்கள் நிரலின் தொடக்கத்திலோ வகுத்தலே கிடையாது!

இரண்டு நாள் வரிவரியாகப் படித்த பிறகுதான், பிழை எங்களுடையதன்று, திரையையும் காத்திருப்பு நேரத்தையும் கவனிக்க டர்போ பாஸ்கலோடு வரும் சிஆர்டி என்ற ஆயத்த நிரல் நூலகத்தினுடையது என்பது விளங்கியது. 55 மில்லிநொடியில் ஒரு சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று அது தொடக்கத்திலேயே எண்ணி, அந்த எண்ணிக்கையை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய செயலியில் ஈவு அதற்கு ஒதுக்கப்பட்ட 16 பிட் இடத்துக்குள் அடங்குவதில்லை. அதையும் செயலி பூஜ்ஜியத்தால் வகுத்த பிழையாகவே அறிவிக்கிறது. கணினி வேகமாக இருந்ததுதான் கோளாறு. அதற்குள் 486-ஐப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டிருந்தோம்.

பேரேடு:
என் அனுபவத்தில் எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் ஃபாக்ஸ்ப்ரோ 2.6 என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் இருந்தது, அதன் டிபிஎஃப் வகைத் தரவுக் கோப்பை நேரடியாகப் படித்துப் புதிய தரவுத்தளத்தில் ஏற்றும் நிரலை நானே எழுதினேன். டிபிஎஃப் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஒவ்வொரு பதிவின் முதல் பைட்டும் நீக்கக் குறி. வெற்றிடமாக இருந்தால் பதிவு உயிரோடு இருக்கிறது. உடுக்குறி (*) இருந்தால் அது நீக்கப்பட்டது. நீக்கியவற்றை அடியோடு அகற்றும் பேக் கட்டளை கொடுக்கும்வரை நீக்கிய பதிவும் கோப்பிலேயேதான் கிடக்கும். அந்த பைட்டை இடைவெளி நிரப்பி என்று எண்ணித் தாண்டிவிட்டேன்.

புதிய கணினியிலிருந்து ஆண்டுச் சந்தா நினைவூட்டல் கடிதங்கள் போயின. சில நாள்களில் ஓர் அம்மையார் நேரில் வந்து, கடிதத்தை மேசைமேல் வைத்து, முகவரியிலிருந்த பெயரின்மீது விரலை வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நின்றார். அது காலமாகிவிட்ட அவருடைய கணவரின் பெயர். என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று: பதிவுகளின் எண்ணிக்கை பழைய அறிக்கையைவிடக் கூடுதலாக இருந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன்; பழைய நிரல்தான் தப்பாக எண்ணுகிறது என்று நானே சொல்லிவிட்டேன்.

வன்தட்டு:
ஆய்வகத்தான் அவர்களே, கோளாறு கணினியின் வேகத்தில் இல்லை. பழைய கணினியை அவசரப்பட்டு அனுப்பியதில் இருக்கிறது. அந்தப் பிழைக்கு இயங்கு கோப்பிலேயே போடக்கூடிய ஒட்டுத் திருத்தம் (பேட்ச்) அப்போதே கிடைத்தது. என் கதை சிறியது: பல ஆண்டுகள் ஓய்வின்றி ஓடிய கணினியை, இடம் மாற்றுவதற்காக ஒரே ஒருமுறை அணைத்தேன், மறுபடியும் அதன் வன்தட்டு சுழலவே இல்லை.

ஆகவே இனி இறங்குவோர் கவனிக்கவும். அணைப்பதற்கு முன்பே கோப்புகளின் நகலையும், முடிந்தால் வட்டு முழுவதன் பிம்பத்தையும் எடுங்கள். எடுத்ததை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பின்புற இணைநிலைப் போர்ட்டில் மென்பொருளின் உரிமத்தைச் சரிபார்க்கும் டோங்கிள் என்ற சிறு சாதனம் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதை வெறும் இணைப்பி என்று எண்ணிக் கழற்றி வீசியவர்கள் உண்டு. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடா என்பதால், பழைய கணினியைப்போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டரை முதலிலேயே சோதியுங்கள்; அதில் செயலியின் வேகத்தையும் குறைத்து வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பழையதையும் புதியதையும் ஒரு கணக்கு மாதம் முழுக்க அருகருகே ஓட்டி, அறிக்கைகளை வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

காந்தநாடா:
அருகருகே ஓட்டினால் போதும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம். மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியில் ஓடிய, கோபால் (COBOL) மொழியில் எழுதிய நிரல்கள் அவை. தொகைகள் காசு பிசகாமல் பொருந்தின. வரிசைப்படுத்தும்போது, மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறிமுறையான எப்சிடிக்கில் எழுத்துகள் முன்னும் இலக்கங்கள் பின்னும் வரும். புதிய கணினியின் குறிமுறையான ஆஸ்கியில் இலக்கங்கள்தான் முன்னே. முதன்மைக் கோப்பு பழைய வரிசையிலேயே வந்திருந்தது. அன்றாடப் பரிமாற்றங்கள் புதிய கணினியில் வரிசைப்படுத்தப்பட்டன. இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால்தான் நிரலால் கணக்குகளைப் பொருத்த முடியும். ஒப்பீட்டு மாதத்தில் எல்லாக் கணக்கு எண்களும் இலக்கத்திலேயே தொடங்கியதால் ஒன்றும் தெரியவில்லை. எழுத்தில் தொடங்கும் கணக்குகள் வந்த முதல் இரவு, வழக்கமாக ஒரு பக்கத்தில் முடியும் நிராகரிப்புப் பட்டியல், அச்சுப்பொறியில் தாள் தீரும்வரை வந்துகொண்டே இருந்தது.

ஆய்வகத்தான்:
வன்தட்டு அவர்களுக்கு: அந்த ஒட்டுத் திருத்தத்தைத்தான் நானும் போட்டேன், நிரலும் ஓடியது. ஆனால் நாங்கள் போட்டது, ஈவு வழியாதபடி அதை உச்ச எண்ணிலேயே நிறுத்திவிடும் வகை. அதனால் நிரல் கேட்ட தாமதத்தைவிடக் குறைவாகவே கணினி காத்திருந்தது. கருவியின் முள் நிலைபெறுவதற்குள் அளவு பதிவாகிவிட்டது. ஒரு மாதம் கழித்துத்தான் இதைக் கண்டோம். எவ்வளவு பிசகியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க 486 இல்லாததால், அந்த மாதத்து அளவீடுகள் முழுவதையும் தள்ளிவிட்டோம்.