இருமல் சிரப் குடித்ததிலிருந்து அப்பா தூங்கி வழிகிறார், நிறுத்தலாமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 70 வயது. சுகர், பிரஷர், பிராஸ்டேட் வீக்கம் எல்லாவற்றுக்கும் மாத்திரை ஓடுகிறது. ராத்திரி முழுக்க வறட்டு இருமல் என்று கூட்டிப்போனதில் டாக்டர் ஒரு சிரப் எழுதிக்கொடுத்தார், பாட்டிலில் கோடீன், குளோர்பெனிரமின் என்று போட்டிருக்கிறது. இருமல் அடங்கியது, ஆனால் பேப்பரை விரித்த கையோடு தலை தொங்கிவிடுகிறது, மலச்சிக்கல் வேறு, ஒன்றுக்குப் போனால் பாத்ரூமிலேயே வெகுநேரம் நிற்கிறார். தூக்கத்துக்கு ரொம்ப நாளாக அல்பிராசோலம் போடுகிறார். இதற்கிடையில் என் எட்டு வயதுப் பையனும் இருமுகிறான், அதே சிரப்பில் அரை ஸ்பூன் கொடுத்தால் என்ன என்கிறார் அம்மா.

மருந்துக்கடை_அண்ணன்:
பையனுக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம். கோடீன் கல்லீரலில் மார்பினாக மாறும், சிலருக்குப் பிறவியிலேயே அந்த மாற்றம் படுவேகமாக நடக்கும், ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது, அப்படிப்பட்ட பிள்ளைக்கு மூச்சே அடங்கிப்போகலாம். ஐரோப்பாவில் 2015லேயே 12 வயதுக்குக் கீழ் கூடாது என்றுவிட்டார்கள், அமெரிக்காவில் 2018ல் 18 வயது வரை.

அப்பா விஷயம் அதைவிட அவசரம். கோடீனும் அல்பிராசோலமும் சேர்ந்தால் மூச்சு மந்தப்படும். மலச்சிக்கல் கோடீன் வேலை, மூத்திரம் இறங்காததற்கு முக்கியமாக அந்தக் குளோர்பெனிரமின், பிராஸ்டேட் உள்ளவருக்கு அது ஆகாது. அடுத்த வேளை சிரப் கொடுக்காமல் இப்போதே டாக்டருக்குப் போன் போடுங்கள். அல்பிராசோலத்தை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அது வேறு வம்பு. தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் யோசிக்காமல் 108. மூத்திரம் அடியோடு நின்றாலும் ஆஸ்பத்திரிதான்.

கொங்குநாட்டான்:
எந்த சிரப் என்றாலும் இப்போது பயமாக இருக்கிறது, போன வருடம் ம.பி.யில் அத்தனை குழந்தைகள் போனதற்குப் பிறகு.

மருந்துக்கடை_அண்ணன்:
2025ல் நடந்த அந்தக் கோல்ட்ரிஃப் இருமல் சிரப் விவகாரம் வேறு சார். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது, கிட்னி போனது. இங்கே மருந்து சரியான மருந்துதான், இவருக்குத்தான் ஒத்துவராது.

செல்வி_திருச்சி:
பிரஷர் மாத்திரை பெயர் என்ன? ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி "ப்ரில்" என்று முடிந்தால் வறட்டு இருமலே அதனால் வரலாம். என் மாமியார் மாதக்கணக்கில் இருமினார், எத்தனை டானிக், எத்தனை கஷாயம், கடைசியில் டாக்டர் மாத்திரையை மாற்றிக்கொடுத்து சில வாரத்தில் நின்றது. அப்புறம், இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் சளிப் பரிசோதனையும் கேளுங்கள், டிபி இல்லை என்று தெரிந்துவிடட்டும்.

வைகைக்கரை:
பேசிவிட்டேன். அல்பிராசோலம் வேறு டாக்டர் கொடுத்தது, இவருக்குத் தெரியவே தெரியாதாம். சிரப்பை நிறுத்தச் சொன்னார், மாத்திரை ராமிப்ரில்தான், அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார். மிச்ச சிரப்பை அம்மா ஃபிரிட்ஜ் கதவில் பத்திரமாக வைத்திருக்கிறார், அதை என்ன செய்வது?

மருந்துக்கடை_அண்ணன்:
பையன் கைக்கு எட்டுகிற இடம் அது. பழைய டீத்தூளில் கொட்டிக் கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.