ரத்தத்தில் ஈயம்: ஏபிடிசி–எம்ஐபிகே பிரித்தெடுப்பில் அளவு குறைவாக வருகிறது

கரைசல்_கேள்வி

பேட்டரிப் பட்டறைத் தொழிலாளர்களின் ரத்தத்தில் ஈயம் பார்க்கிறோம். சுடர் ஏஏஎஸ் (சுடரில் உள்ள உலோக அணுக்கள் ஒளியை உறிஞ்சும் அளவை வைத்து அளக்கும் கருவி), 283.3 நானோமீட்டர். 2 மி.லி. ரத்தத்தில் 0.8 மி.லி. ஏபிடிசி–ட்ரைட்டான் எக்ஸ்-100 கரைசல் (ஈயத்தைப் பிடிக்கும் ஏபிடிசி 2%; ட்ரைட்டான் சோப்பு போன்றது) சேர்த்துக் கலக்கி, 2 மி.லி. எம்ஐபிகே (தண்ணீரோடு எளிதில் கலக்காத கரைப்பான்) விட்டு 2 நிமிடம் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜ் செய்து மேலடுக்கைக் கருவிக்குக் கொடுக்கிறோம். டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம் ஈயம் சேர்த்துப் பார்த்தால் 24 முதல் 31 வரைதான் திரும்புகிறது, அதுவும் குழாய்க்குக் குழாய் மாறுகிறது. ஸ்டாண்டர்டைத் தண்ணீரில் தயாரித்து அதே முறையில் பிரித்தெடுக்கிறோம், நேர்கோடு சரியாக வருகிறது. ரத்தம் எடுப்பது ஊதா மூடிக் குழாயில். எங்கே தவறு?

உலோகத்தடம்

ஊதா மூடிதான் காரணம். அதில் இருப்பது ஈடிடிஏ, ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள். ஈயத்தை ஏபிடிசியும் பிடிக்கிறது, ஈடிடிஏவும் பிடிக்கிறது. ஈடிடிஏ பிடித்தது நீரடுக்கிலேயே தங்கிவிடும், எம்ஐபிகேக்கு ஏறாது. உங்கள் தண்ணீர் ஸ்டாண்டர்டில் ஈடிடிஏ கிடையாது, அதனால்தான் கோடு அழகாக இருக்கிறது, மாதிரி மட்டும் குறைகிறது.

குழாய்க்குக் குழாய் மாறுவதற்கும் இதே காரணம் போதும். 4 மி.லி. குழாயில் சுமார் 7.2 மி.கி. ஈடிடிஏ இருக்கும். முழுக்க நிரப்பினால் மி.லி.க்கு 1.8 மி.கி.; 2 மி.லி. மட்டும் எடுத்தால் 3.6. குறைவாக நிரம்பிய குழாய்களில்தான் மீட்பு (சேர்த்த ஈயத்தில் திரும்பி வரும் பங்கு) மோசமாக இருக்கிறதா என்று பதிவேட்டைப் பாருங்கள்.

ஹெப்பாரின் குழாய்க்கு (பச்சை மூடி, இதுவும் உறைதலைத் தடுப்பது) மாறுங்கள். எடுத்தவுடன் எட்டு பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். இந்த ஈயத்தில் ஏறத்தாழ 99% சிவப்பணுவில் இருப்பதால் சின்னக் கட்டி விழுந்தாலும் கணக்கு கெடும். ஒவ்வொரு லாட்டிலும் சில காலிக் குழாய்களை நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அலசி பிளாங்க் (மாதிரி இல்லாமலே வரும் ஈய அளவு) பாருங்கள்.

சுடர்மேடை

மேலே சொன்னது சரி. ஸ்டாண்டர்டையும் மாற்றுங்கள். ஈயம் குறைந்த ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 0, 10, 20, 40, 60 மைக்ரோகிராம் என்று சேர்த்து, ஓர் இரவு குளிரில் வைத்துப் பிறகு பிரித்தெடுங்கள். சேர்த்த உடனே எடுத்தால் அணுக்களோடு சேராத ஈயத்தைத்தான் அளப்பீர்கள்.

பாலிஸ்டைரீன் குழாய் வேண்டவே வேண்டாம், எம்ஐபிகே அதைக் கரைத்துவிடும். பாலிப்ரொப்பிலீன் அல்லது கண்ணாடி, 10% நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்தது. எம்ஐபிகேயை முன்பே தண்ணீரோடு குலுக்கி நிறைவாக்குங்கள். இல்லாவிட்டால் குலுக்கும்போது அதில் ஒரு பங்கு நீரடுக்குக்குப் போய்க் கன அளவு மாறும். ஏபிடிசி அன்றன்று தயாரித்தது, ஒருமுறை எம்ஐபிகேயால் கழுவியது. பிளாங்க் உடனே இறங்கும்.

சுடரில் எம்ஐபிகேயே எரிபொருளாகிவிடும். அது உள்ளே போகும்போது அசெட்டிலீனைக் குறைத்து மஞ்சள் நுனி மறையும் வரை கொண்டுவந்து, பூஜ்யத்தை நீர் நிறைந்த எம்ஐபிகேயில் வையுங்கள். தண்ணீரில் வைத்த பூஜ்யம் செல்லாது.

கரைசல்_கேள்வி

நன்றி. ஏற்கெனவே ஊதா மூடியில் இருக்கும் மாதிரிகளை என்ன செய்வது? நைட்ரிக் அமிலத்தில் செரிக்கலாமா?

உலோகத்தடம்

செரித்தால் ஈடிடிஏ அழியும், ஆனால் ஹீமில் அடைபட்ட இரும்பும் வெளியே வரும். லிட்டர் ரத்தத்தில் சுமார் 500 மி.கி. இரும்பு, அது ஏபிடிசியைத் தின்றுவிடும். செரிக்காமல் நேரடியாகப் பிரித்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கிராஃபைட் உலை (சுடருக்குப் பதில் மின்சூட்டில் அளக்கும் ஏஏஎஸ்) கிடைத்தால் பிரித்தெடுப்பே தேவையில்லை, ஈடிடிஏவும் இடைஞ்சல் செய்யாது. 100 மைக்ரோலிட்டர் ரத்தத்தோடு 900 மைக்ரோலிட்டர் நீர்ப்பான் (ரத்தத்தை நீர்க்கச் செய்யும் கரைசல்): 0.2% அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், 0.5% ட்ரைட்டான், 0.2% நைட்ரிக் அமிலம். அமிலத்தைக் கூட்டினால் புரதம் திரிந்து நுண்குழாயை அடைக்கும். உலர்த்தலை நிதானமாக ஏற்றுங்கள், அவசரப்பட்டால் நுரைத்துத் தெறிக்கும். குழந்தைகளின் மாதிரி வந்தால் உலைதான் வழி: அமெரிக்க சிடிசி (நோய்க் கட்டுப்பாட்டு மையம்) 2021இல் வைத்த குறிப்பு அளவு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம், உங்கள் சுடரால் அதை நம்பிச் சொல்ல முடியாது.