மரக்கரண்டி செதுக்கும்போது நடந்தவை: உங்கள் அனுபவம் என்ன?

குழிவுளி:
கைப்பிடி முடிந்தது, குழி முடிந்தது, கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாகவும் ஆக்கியாயிற்று. சும்மா பார்ப்போமே என்று குழியில் தண்ணீர் ஊற்றினேன். அடியில் ஒரு சொட்டு. துடைத்தேன். மறுபடி அதே இடத்தில் சொட்டு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், இருப்பதிலேயே மெல்லிய இடத்தில் ஊசிமுனை அளவு துளை. பூச்சி வேலை. கட்டையைப் பிளந்தபோது ஒன்றும் தெரியவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பச்சைமரம்:
பூச்சிதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தட்டினால் பொடி உதிர்ந்ததா? காயும்போது விட்ட வெடிப்பாகவும் இருக்கலாம். எனக்கு அதுதான் நடந்தது. ராத்திரி 'டக்' என்று சத்தம். காலையில் பார்த்தால் நுனியிலிருந்து பாதிவரை விரிசல். மரத்தின் நடுத்தண்டு கரண்டிக்குள் மாட்டிக்கொண்டால் வெடிக்காமல் தப்புவது அபூர்வம். கட்டையை நடுவில் பிளந்து, தண்டுப் பகுதியை முதலில் வாய்ச்சியால் (அலகு குறுக்கே இருக்கும் செதுக்குக் கருவி) தள்ளிவிடுங்கள். பச்சையாக இருக்கும்போதே குழியைத் தோண்டிக் கனத்தைக் குறையுங்கள். மரநார் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும் முனை வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போகும். நுனி முந்திக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், அந்த இழுபறியில் வெடிக்கும். சீவல்களோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டால் மெதுவாகக் காயும். வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள். கடைசிச் சீவலைக் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

குழிவுளி:
நான் வெடிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லையே. துளை வட்டமாக இருக்கிறது. விரிசல் வட்டமாக விடுமா என்ன?

எதிர்நார்:
சரி, இரண்டு பேரும் விடுங்கள். குழி தோண்டும் வளைகத்தி குழிக்குள் இறங்கும்வரை 'சர்ர்' என்று போகும். அடியைத் தாண்டி ஏறியதும் கரகர, நார் பிய்ந்து நிற்கும். கத்தியைத் தீட்டினேன், அப்புறமும் அதே கதை. பக்கத்தில் நின்ற பெரியவர், தச்சர்தான், ஒன்றும் பேசாமல் கட்டையை என் கையிலேயே திருப்பி வைத்தார். அந்த முனையிலிருந்து அடிவரை, இந்த முனையிலிருந்து அடிவரை மட்டும் சீவினேன். சீவல் சுருள் சுருளாக வந்தது. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கணு:
என்னுடையது எண்ணெய்க் கதை. கரண்டிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய நண்பர், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டிருந்தார். எதேச்சையாக எடுத்தேன், கை சுட்டது. காற்றோடு சேர்ந்து இறுகும் எண்ணெய் அது. இறுகும்போது வெப்பம் வரும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். தேங்காய் எண்ணெய் போதாதா என்று யாராவது கேட்பீர்கள். அது இறுகாது, கழுவக் கழுவப் போய்விடும். ஆளிவிதையே பூசுங்கள், துணியை மட்டும் வெளியே விரித்துக் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.