பத்தாயிரத்துக்குள்ள மவுஸ், கீபோர்டு: கேமிங்குக்கும் டிசைனுக்கும் சேர்த்து

நைட்டு வேலரன்ட் கேம், பகல்ல போட்டோஷாப், டேபிளும் பார்க்க கெத்தா இருக்கணும், எல்லாமே வெள்ளைல எடுக்கலாமாப்பா?

பதில் 1: வெள்ளை அழகுதான் ப்ரோ, ஆனா கை படுற இடம் சீக்கிரம் அழுக்காயிடும். மவுஸ் லாஜிடெக் ஜி102 போதும், 8000 டிபிஐ (மவுஸ நகர்த்துனா பாயின்டர் எவ்ளோ வேகமா ஓடும்ங்கிற அளவு), 85 கிராம்தான், வேலரன்ட்ல நிறைய பேர் 800 டிபிஐலயே ஆடுறாங்க, டப்பால போட்டிருக்க பெரிய நம்பரப் பார்த்து காசக் கொட்டாதீங்க.

பதில் 2: கீபோர்டு ஹாட்-ஸ்வாப்பா பாருங்க, ஒரு கீக்கு அடியில இருக்க ஸ்விட்ச் போனா அத மட்டும் புடுங்கி மாத்திக்கலாம், சால்டரிங் தேவையில்ல. கீகேப், அதான் கீ மேல இருக்க மூடி, பிபிடி பிளாஸ்டிக்ல எடுங்க, ஏபிஎஸ் பிளாஸ்டிக் போகப்போக எண்ணெய் தடவுன மாதிரி மினுங்கும். கையால வரைவீங்கன்னா கலர்கலரா மின்னுற ஆர்ஜிபி லைட்ட விட்டுட்டு ஹுய்யான் எச்640பி மாதிரி சின்ன பென் டேப்லட்டுக்கு காசு ஒதுக்குங்க.

கேட்டவர்: ப்ளூ ஸ்விட்ச் ஓகேவா? பக்கத்துலயே அம்மா தூங்குவாங்க.

பதில் 2: ஐயோ வேணாம், டக்டக்னு அடிக்கும்! ரெட் ஸ்விட்ச் எடுங்க, சத்தம் கம்மி.