மாரியில் நிறையும் கிணறும் வெறுமையாகும் சங்கப் பெட்டியும்

வடமராட்சிச் செயலாளர்:
யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கள் ஊர்க் குடிநீர்ப் பாவனையாளர் சங்கத்தின் கணக்கை நான் எழுதிவந்த காலத்தில், ஐப்பசி மழை ஓங்கிப் பெய்யத் தொடங்கியதும் மாதக் கட்டணம் கட்டுவோர் மெல்ல மெல்லக் குறைந்துவிடுவார்கள். மோட்டர் இயக்குபவரின் சம்பளமோ மின்கட்டணத்தின் நிலையான பகுதியோ மழையைப் பார்த்துக் குறைவதில்லை. பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் ஒரு படலையில் நின்றபோது, அந்த வீட்டு அம்மா கயிறே இல்லாமல் கிணற்றுக்குள் குனிந்து செம்பால் தண்ணீரை மொண்டு காட்டி, "தம்பி, வைகாசியிலை வாங்கோ, அப்ப தாறன்" என்றார். என்ன பதில் சொல்வது? வைகாசியில் எல்லா வீட்டாரும் ஒரே வேளையில் குழாயைத் திறந்தார்கள், மோட்டர் எரிந்துபோனது, அதைத் திருத்தச் சங்கத்தில் பணம் இருக்கவில்லை.

தீவுப்பகுதி ஆசிரியை:
உங்களுக்குக் குழாயை மறக்கவைக்கும் அளவுக்குக் கிணறு நிறைகிறது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. இங்கே நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே சிறிது குறைந்தாலும் கீழிருந்து உப்பு விரைவாக ஏறிவிடும். மாரி பொய்த்து, பவுசர் எனும் தாங்கி லொறியில் குடிநீர் வந்த ஓர் ஆண்டில், என் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் போத்தல் நீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பவுசர்த் தண்ணி இல்லை ரீச்சர்" என்று மூடியைத் திருகி மேசைக்கு அடியில் வைத்துவிட்டது. பிற்பகல்வரை அந்தப் பிள்ளை எதுவும் குடிக்கவில்லை.

வலிகாமத்தான்:
செயலாளர் அந்த அம்மாவிடம் பதிலின்றித் திரும்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. நிறைந்த கிணறு தூய கிணறாகிவிடாது. எங்கள் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே மழைநீர் தடையின்றி இறங்கும்போது, வெங்காய, புகையிலைத் தோட்டங்களின் பசளையையும் மலக்குழிக் கழிவையும் சேர்த்தே கொண்டுபோகிறது. இவற்றிலிருந்து வரும் நைத்திரேற்று, குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. புட்டிப்பால் குடிக்கும் குழந்தை உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மாதக் கட்டணத்தை விட்டுவிட்டு, வெங்காயம் விற்றுக் கையில் காசு புழங்கும் வேளையில் ஆண்டுக் கட்டணமாக வாங்குங்கள். அதில் ஒரு பங்கை மோட்டருக்கென வங்கியில் தனியே வையுங்கள். மழைக்கு முன்னர் ஊர்க் குளத்தையும் அதற்கு நீர் வரும் வாய்க்காலையும் துப்புரவாக்குங்கள். குளத்தில் தங்கும் நீர்தான் கோடையில் உங்கள் கிணற்றில் நிற்கும். வடமராட்சி கிழக்குத் தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் காட்டி, இனி மழையைப் பற்றிக் கவலையில்லை என்கிறார்கள். அந்த நீருக்கு மின்செலவு மிக அதிகம். மாரியில் கட்டணம் கட்டாத பழக்கம் அங்கும் தொடர்ந்தால் என்ன செய்வார்கள்?

வடமராட்சிச் செயலாளர்:
ஆண்டுக் கட்டணத்தைப் பொதுக்கூட்டத்தில் முன்வைத்தோம், ஐயா. கை உயர்த்தியவர்கள் கிணறில்லாத வீட்டுக்காரர்கள் மட்டுமே.