புதுப்பிப்பு: பாஸ்போர்ட் வந்தது, சான்றிதழும் பத்திரமாகத் திரும்பியது

அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழின் அசலையே பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டுமா, தொலைந்தால் என்ன கதி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆமாம், அசல்தான் வேண்டும். கூடவே ஒரு நகலும். அனுமதியின்றி நகல் எடுப்பது குற்றம் என்று சான்றிதழிலேயே அச்சிட்டிருப்பதால் எனக்குத் தயக்கம். ஆனால் விண்ணப்ப விதியே நகல் கேட்கிறது, பயப்பட வேண்டாம்.

டிஎஸ்-11 என்ற பாஸ்போர்ட் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, கையெழுத்து மட்டும் போடாமல் தபால் நிலையத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே அலுவலர் முன்னால்தான் கையெழுத்திட வேண்டும். கட்டணம் 130 டாலர், தபால் நிலையத்துக்குத் தனியாக 35.

பாஸ்போர்ட் முதலில் வந்தது. உறையில் சான்றிதழ் இல்லை! அன்று இரவு தூக்கமே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, இரண்டையும் தனித்தனியாக அனுப்புவது வழக்கமாம். சில நாளில் அதுவும் வந்தது. கையில் வாங்கியபோது கண் கலங்கிவிட்டது.

சரி, அடுத்த வேலை இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதுமே நம் இந்தியக் குடியுரிமை சட்டப்படி முடிந்துவிடுகிறது, அதனால் பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்துவிடாதீர்கள். ஒப்படைத்த சான்று கிடைத்ததும் ஓசிஐ அட்டைக்கு (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) விண்ணப்பிக்கப் போகிறேன். அம்மாவைப் பார்க்க மதுரைக்குப் போக வேண்டும்.